இருநூறுக்கு ஒன்று: டீசல் டேங்கில் 2டி ஆயிலும் அடிட்டிவ் புட்டியும்

டீசல் கார் வைத்திருப்பவர்களில் இரண்டு கட்சிகள் உண்டு. ஒரு கட்சி, டேங்க் நிரப்பும்போதெல்லாம் லிட்டருக்கு 5 மில்லி வீதம் 2டி ஆயில் ஊற்றும். மற்றக் கட்சி அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு, உதிரிபாகக் கடையில் வாங்கிய டீசல் அடிட்டிவ் புட்டியைத் திறக்கும். இரு தரப்பும் சொல்வது மட்டும் ஒன்றே: "ஊத்தினதுக்கு அப்புறம் சத்தம் குறைஞ்சிருக்கு சார், பிக்கப்பும் நல்லா இருக்கு." எதையுமே ஊற்றாத மூன்றாம் கட்சிதான் பெரும்பான்மை. அவர்களுக்குச் சொல்ல எதுவும் இல்லாததால் இந்த வாதத்தில் அவர்கள் குரல் கேட்பதில்லை.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டுமானால், முதலில் எந்தக் குறைக்காக ஊற்றுகிறோம் என்று கேட்க வேண்டும். டீசலில் குறை என்று சொல்லப்படுபவை மூன்று: மசகுத்தன்மை போதவில்லை, இன்ஜெக்டரில் அழுக்குப் படிகிறது, சீட்டேன் குறைவு. மூன்றும் வெவ்வேறு நோய்கள். ஒரே மருந்து மூன்றுக்கும் கேட்கும் என்று நினைப்பதில்தான் இரு கட்சிகளுமே சறுக்குகின்றன.

2டி ஆயிலைத் தமிழ்நாட்டில் யாருக்கும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. டிவிஎஸ் 50, யமஹா ஆர்எக்ஸ் 100, பழைய ஆட்டோக்கள் எல்லாம் அதைக் குடித்தே ஓடின. டூ-ஸ்ட்ரோக் இன்ஜினில் கிராங்குக்கும் பிஸ்டனுக்கும் தனி ஆயில் அறை கிடையாது. பெட்ரோலோடு கலந்து போய், வேலை முடிந்ததும் எரிந்து வெளியேறும் ஆயில் தேவை. எரியும்போது புகையும் சாம்பலும் குறைவாக இருக்க வேண்டும். அதற்காகவே செய்த கலவை இது: தாது எண்ணெய், புகையைக் குறைக்கும் பாலிஐசோபியூட்டிலீன், எளிதில் கரைவதற்குக் கொஞ்சம் கரைப்பான், பிளக்கும் புகைபோக்கித் துளையும் கரியேறாமல் இருக்கச் சிறிதளவு சுத்திகரிப்பான். டப்பாவில் ஜாசோ எஃப்சி, எஃப்டி, ஏபிஐ டிசி என்றெல்லாம் அச்சிட்டிருப்பது இந்தத் தரத்தைத்தான். பெட்ரோலில் நன்றாகக் கரைந்து எரிகிற ஆயில் டீசலிலும் கரைந்து எரியும் என்ற அளவில் இந்தக் கட்சியின் தர்க்கம் சரி. சாதாரண இன்ஜின் ஆயிலை ஊற்றுவதைவிட இது எவ்வளவோ மேல் என்பதையும் பின்னால் பார்ப்போம்.

புட்டி என்று பொதுவாகச் சொல்வது ஒரு பொருள் அல்ல. ஒரு புட்டியில் இன்ஜெக்டர் கழுவும் சுத்திகரிப்பான் மட்டும் இருக்கும். இன்னொன்றில் சீட்டேன் ஏற்றும் 2-எத்தில்ஹெக்சில் நைட்ரேட் இருக்கும். வேறொன்றில் மசகுக்காகக் கொழுப்பு அமிலமோ எஸ்டரோ சேர்ந்திருக்கும். சிலவற்றில் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம். குளிரில் டீசல் உறையாமல் இருக்கச் சேர்ப்பது என்று பெருமையாக அச்சிட்ட புட்டிகளும் நம் ஊர்க் கடைகளில் கிடைக்கின்றன. லடாக்கிற்காக இந்தியன் ஆயில் 2019இல் கொண்டுவந்த குளிர்கால டீசல் மைனஸ் 33 டிகிரி வரை ஓடக்கூடியது. அங்கே அது உயிர்நாடி. மதுரையில் அந்த வரிக்காகக் காசு கொடுப்பவரைப் பற்றி என்ன சொல்வது?

மசகு: வழக்கின் வேர்

இந்தப் பழக்கத்தின் வேர் டீசலில் இருந்து கந்தகத்தை எடுத்ததில் இருக்கிறது. இந்தியாவில் 1990களின் தொடக்கத்தில் டீசலில் 1 சதவீதம் வரை, அதாவது 10,000 பிபிஎம் கந்தகம் அனுமதி. பிஎஸ்-2இல் 500, பிஎஸ்-3இல் 350, பிஎஸ்-4இல் 50 என இறங்கி, 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பிஎஸ்-6 டீசலில் 10 பிபிஎம் ஆகிவிட்டது. ஆயிரத்தில் ஒரு பங்கு. "கந்தகம்தான் பம்ப்புக்கு மசகு, அது போனதும் பம்ப் தேயும்" என்பது பட்டறைகளில் அடிக்கடி கேட்கும் வாக்கியம். பாதி உண்மை. கந்தகம் தானே பெரிய மசகு இல்லை. சுத்திகரிப்பு ஆலையில் ஹைட்ரஜனைக் கொண்டு கந்தகத்தை வெளியேற்றும்போது, உலோகத்தில் ஒட்டிப் படலம் போடக்கூடிய நைட்ரஜன், ஆக்சிஜன் சேர்மங்களும் கூடவே போய்விடுகின்றன. தேய்மானம் வருவது அவை போனதால்.

இதை முதலில் அடிபட்டுக் கற்றுக்கொண்ட நாடு ஸ்வீடன். 1991இல் அங்கே 10 பிபிஎம் கந்தகம் கொண்ட முதல் வகுப்பு டீசல் வந்தது. நாம் 2020இல் தொட்ட இடத்தை அவர்கள் இருபத்தொன்பது ஆண்டுகள் முன்பே தொட்டார்கள். வந்த கொஞ்ச காலத்தில் பம்ப்கள் கடகடவென்று செயலிழக்கத் தொடங்கின. அதிகம் அடிவாங்கியவை ரோட்டரி பம்ப்கள். பழைய லாரிகளில் இருக்கும் நீள இன்லைன் பம்ப்பில் கேம்ஷாஃப்ட்டுக்கு இன்ஜின் ஆயில் வரும். பிளஞ்சர் மட்டும் டீசலை நம்பியிருக்கும். நம் மெக்கானிக்குகள் இன்றும் 'மைக்கோ பம்ப்' என்று சொல்லிக் கழற்றுவதில் பல இந்த வகை. ரோட்டரி பம்ப்பிலோ உள்ளே சுழலும் ஒவ்வொரு பாகத்துக்கும் டீசல்தான் ஆயில். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் மண்ணூரில் டெல்ஃபி-டிவிஎஸ் ஆலை இந்த ரகப் பம்ப்களைச் செய்து நாடெங்கும் அனுப்பியது. டிராக்டரில் இருந்து கார் வரை அவை ஓடின. இன்றைய காமன் ரெயில் உயர் அழுத்த பம்ப்பும் இந்த விஷயத்தில் ரோட்டரி ஜாதியே. முழுக்க டீசலில் நனைந்து வாழ்வது.

ஸ்வீடன் பிரச்சினையைத் தீர்த்தது எது? சுத்திகரிப்பு ஆலையிலேயே மசகு அடிட்டிவ் சேர்த்தார்கள். அதை அளக்க எச்எஃப்ஆர்ஆர் என்ற சோதனை வந்தது. 60 டிகிரி சூட்டில் டீசலுக்குள் ஓர் உருக்குத் தகட்டின்மேல் 6 மில்லிமீட்டர் குண்டு ஒன்றை 200 கிராம் எடையோடு, நொடிக்கு 50 முறை, 75 நிமிடம் தேய்க்கிறார்கள். குண்டில் விழும் தழும்பை மைக்ரானில் அளக்கிறார்கள். தழும்பு சிறியதாக இருந்தால் டீசல் நல்லது. ஐரோப்பாவின் ஈஎன் 590 தரம் 460 மைக்ரானுக்கு மேல் போகக் கூடாது என்கிறது. இந்தியத் தரமான ஐஎஸ் 1460இலும் அதே 460. அமெரிக்காவில் மட்டும் 520.

இந்த 460க்கும் 520க்கும் இடையில்தான் 2டி ஆயில் கட்சியின் புகழ் பிறந்தது. 2007இல் அமெரிக்காவில் டீசல் பிக்கப் வைத்திருந்த சிலர் கைக்காசு போட்டு, ஒரே டீசலில் ஏறத்தாழ இருபது பொருட்களைத் தனித்தனியாகக் கலந்து எச்எஃப்ஆர்ஆர் சோதனைக்கு அனுப்பினார்கள். ஒன்றும் சேர்க்காத டீசலின் தழும்பு 636 மைக்ரான். 200 பங்குக்கு 1 பங்கு 2டி ஆயில் (படகு மோட்டாருக்கான டிசி-டபிள்யூ3 ரகம்) சேர்த்தபோது 474. 162 மைக்ரான் குறைவு. பெரிய பெயர் கொண்ட பல புட்டிகள் அதற்குக் கீழே நின்றன. சில புட்டிகள் தழும்பைக் கொஞ்சம் கூட்டவே செய்தன. மலிவான 2டி ஆயில் விலை உயர்ந்த புட்டிகளைத் தோற்கடித்தது என்ற செய்தி எப்படிப் பரவாமல் இருக்கும்? ஜெர்மனியிலும் இதே காலத்தில் இப்பழக்கம் வேர்விட்டது.

அந்தப் பட்டியலைச் சொல்பவர்கள் வழக்கமாக விட்டுவிடும் இரண்டு விஷயங்கள் உண்டு. முதலாவது, அந்த 636 பங்க்கில் விற்கும் டீசலின் எண் இல்லை. மசகு அடிட்டிவ் எதுவும் சேர்க்காத, அமெரிக்க வரம்பான 520ஐக்கூடத் தாண்டிய வெறும் டீசல் அது. வேண்டுமென்றே பட்டினி போட்ட ஆளுக்கு எந்தச் சோறு கொடுத்தாலும் எடை கூடும். நம் பங்க்கில் வருவது ஏற்கெனவே 460க்குள் இருக்க வேண்டிய டீசல். மணலி சிபிசிஎல் சுத்திகரிப்பு ஆலையில் இருந்து டேங்கர் வெளியேறும்போதே தேவையான மசகு அடிட்டிவ் அதில் இருக்கும். அதில் 2டி ஆயில் ஊற்றினால் 162 மைக்ரான் குறையும் என்று எதிர்பார்க்க முடியாது. 2டி சேர்த்த பிறகு அவர்களுக்குக் கிடைத்த 474ஏ நம் வரம்பைவிட அதிகம்.

இரண்டாவது, பட்டியலில் முதலிடம் பிடித்தது 2டி ஆயிலும் இல்லை, புட்டியும் இல்லை. 2 சதவீதம் சோயா பயோடீசல். அதன் தழும்பு 221 மைக்ரான். எஸ்டருக்கு உலோகத்தில் ஒட்டும் குணம் இருப்பதால்தான் இது. புட்டிகளில் இருக்கும் நல்ல மசகு அடிட்டிவும் இதே குடும்பம். சில நூறு பிபிஎம் போதும். 2டி ஆயிலோ 5,000 பிபிஎம் ஊற்றியும் அந்த அளவுக்கு வரவில்லை. இதை அளவு வித்தியாசம் என்று தள்ளிவிட முடியாது. 2டி ஆயில் உலோகத்தில் ஒட்டுவதற்காகச் செய்யப்பட்டது இல்லை. கெட்டியான எண்ணெய் என்பதால் உதவுகிறது என்று நினைத்தால் கணக்கும் ஒத்துவராது. டீசலின் பாகுத்தன்மை 40 டிகிரியில் 3 என்று வையுங்கள், 2டி ஆயிலுக்கு 50. இருநூறுக்கு ஒன்று கலந்தால் கலவையின் பாகுத்தன்மை 3.04 அளவில்தான் இருக்கும். தரநிர்ணயம் 2 முதல் 4.5 வரை அனுமதிக்கும் இடத்தில் இது கண்ணுக்கே தெரியாத மாற்றம்.

ஆகவே மசகில் யார் ஜெயித்தது? வெறும் டீசலில் 2டி ஆயில் மரியாதையான வேலை செய்கிறது. சரியான எஸ்டர் கொண்ட புட்டி அதைவிடக் குறைந்த அளவில் அதைவிட நன்றாகச் செய்கிறது. ஆனால் எந்தப் புட்டியில் அது இருக்கிறது என்று லேபிள் பெரும்பாலும் சொல்வதில்லை. பங்க் டீசலில் இருவருக்குமே அங்கே பெரிய வேலை இல்லை.

ஒரு விதிவிலக்கு: மண்ணெண்ணெய் கலந்த டீசல். மண்ணெண்ணெயின் பாகுத்தன்மையும் மசகும் குறைவு. ரோட்டரி பம்ப்பின் உயிரை அது வேகமாகக் குடிக்கும். ரேஷன் மண்ணெண்ணெய் லாரிக் கணக்கில் திரிந்த காலத்தில், சந்தேகத்துக்குரிய பங்க்கில் நிரப்பியவர்கள் 2டி ஆயில் பாக்கெட்டை வெட்டி ஊற்றியதில் அர்த்தம் இருந்தது. இன்று அந்த ஆபத்து வெகுவாகக் குறைந்திருக்கிறது. பழக்கம் மட்டும் தங்கிவிட்டது.

கழுவுவதும் எரிவதும்

அழுக்கு விஷயத்தில் போட்டியே இல்லை. புட்டி தெளிவாக முன்னால் நிற்கிறது. 2டி ஆயிலில் இருக்கும் சுத்திகரிப்பான் பெட்ரோல் இன்ஜினின் பிளக்கையும் புகைத் துளையையும் மனத்தில் வைத்துச் சேர்த்தது. காமன் ரெயில் இன்ஜெக்டரின் முனைத் துளைகளில் படியும் கரியும், உள்ளே ஊசியில் படியும் வார்னிஷும் வேறு வேதியியல். அவற்றைக் கழுவ டீசலுக்கென்று செய்த சுத்திகரிப்பான்கள் வேண்டும். பழைய பென்சில் நாசிலுக்கு இந்த வேறுபாடு அவ்வளவு முக்கியமாக இல்லை. ஆனால் உள்ளே தலைமுடித் தடிமனில் இருபதில் ஒரு பங்கு இடைவெளியோடு, 1,600 பாருக்கும் மேற்பட்ட அழுத்தத்தில், ஒரு சுழற்சிக்குப் பலமுறை திறந்து மூடும் இன்ஜெக்டருக்கு மிக முக்கியம்.

அதற்காகப் புட்டியைக் கண்ணை மூடிக்கொண்டு ஊற்றவும் முடியாது. இன்ஜெக்டருக்குள் படியும் சோப்பு போன்ற வெள்ளைப் படிவுகளைத் துருவிப் பார்த்த ஆய்வாளர்கள் கண்டுபிடித்தது சங்கடமான உண்மை: சோடியமும், துருப்பிடிக்காமல் இருக்கச் சேர்க்கும் சில அமில அடிட்டிவ்களும் சேர்ந்து அந்தச் சோப்பை உருவாக்குகின்றன. தரம் குறைந்த சுத்திகரிப்பான் மூலக்கூறுகளே ஒரு வகைப் பழுப்பு வார்னிஷாகப் படிவதும் தெரியவந்தது. கழுவ வந்ததே அழுக்கானது என்றால், "இரண்டு மூடி அதிகமா ஊத்துங்க, நல்லா கிளீன் ஆகும்" என்பது எவ்வளவு மோசமான யோசனை என்று புரியும்.

பழைய இன்ஜின் ஆயிலை ஊற்றும் ஒரு சிறு கூட்டமும் இங்கே உண்டு. சர்வீஸில் வடித்த ஆயிலைத் துணியில் வடிகட்டி டீசலில் கலப்பார்கள். எரிந்து போகிற பொருள்தானே என்று நியாயமும் சொல்வார்கள். அந்த 2007 சோதனையில் அதன் தழும்பு 634. வெறும் டீசல் 636. மசகில் பயன் சுழியம். கேடு வேறு இருக்கிறது. நாலு-ஸ்ட்ரோக் இன்ஜின் ஆயிலில் தேய்மானத்தைத் தடுக்கத் துத்தநாகச் சேர்மம் இருக்கும், ஏறத்தாழ 900 பிபிஎம் அளவில். இருநூறுக்கு ஒன்று கலந்தால் டீசலில் 4.5 பிபிஎம் துத்தநாகம். ஐரோப்பாவில் பூஷோவின் டிடபிள்யூ10 இன்ஜினை வைத்து இன்ஜெக்டரை வேண்டுமென்றே அழுக்காக்கிச் சோதிக்கும் முறை ஒன்று இருக்கிறது. அதில் அழுக்கைப் படியவைக்கச் சேர்க்கும் துத்தநாகம் 1 பிபிஎம்தான். ஆய்வகம் இன்ஜெக்டரைக் கெடுப்பதற்குப் பயன்படுத்தும் அளவைப் போல நாலரை மடங்கை இவர்கள் வண்டி நன்றாக ஓடட்டும் என்று ஊற்றுகிறார்கள். 2டி ஆயிலில் பொதுவாக இந்தத் துத்தநாகச் சேர்மம் இருக்காது. அந்த வகையில் 2டி கட்சி பிழைத்தது.

சீட்டேன் விவகாரத்தைச் சுருக்கமாக முடிக்கலாம். சீட்டேன் எண் கூடினால் டீசல் சீக்கிரம் பற்றிக்கொள்ளும். தட்டும் சத்தம் குறையும். இந்தியாவில் இப்போது குறைந்தபட்சம் 51 இருக்க வேண்டும். 2டி ஆயிலில் இருக்கும் எண்ணெயின் சீட்டேனை 80 என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், இருநூறுக்கு ஒன்று கலந்தால் 51 என்பது 51.15 ஆகும். எந்தக் காதும் இதைக் கேட்காது. 2-எத்தில்ஹெக்சில் நைட்ரேட் உள்ள புட்டி நிஜமாகவே சில எண்கள் உயர்த்தும். குளிர் காலையில் முதல் ஸ்டார்ட்டில் வித்தியாசம் தெரியலாம். ஆனால் 51க்கு வடிவமைத்த இன்ஜினுக்கு 55 கொடுப்பதால் மைலேஜ் பாயும் என்பது விளம்பரக் கனவு. காமன் ரெயில் இன்ஜின் முன்கூட்டியே ஒரு துளி டீசலைப் பீய்ச்சி, தானே தட்டலை அடக்கிக்கொள்ளும் வித்தை கற்றது.

அப்படியானால் "சத்தம் குறைஞ்சிருக்கு" என்று சொல்பவர்கள் பொய் சொல்கிறார்களா? இல்லை. டேங்க் நிறைந்த வண்டி, அக்கறையோடு ஓட்டும் கால், கொஞ்சம் காசு செலவான மனம் மூன்றும் சேர்ந்தால் எந்த வண்டியும் இதமாகத்தான் ஓடும். எந்த டேங்கில் எது இருக்கிறது என்று ஓட்டுபவருக்குத் தெரியாமல் மாற்றி மாற்றி ஓட்டவிட்டுக் கேட்டால்தான் உண்மை வெளிவரும். அதைச் செய்யும் பொறுமை இரு கட்சிக்கும் இல்லை.

சாம்பல் கணக்கு

பிஎஸ்-6 காரில்தான் இந்த ஒப்பீடு தலைகீழாகிறது. அதன் புகைக்குழாயில் டிபிஎஃப் என்னும் துகள் வடிகட்டி இருக்கிறது. கரித்துகளை அது பிடித்துவைத்து, அவ்வப்போது 600 டிகிரி அளவுக்குச் சூடேற்றி எரித்துவிடும். கரி எரியும், உலோகச் சாம்பல் எரியாது. ஒருமுறை உள்ளே போன சாம்பல் வடிகட்டியின் ஆயுள் முழுவதும் அங்கேயே இருக்கும். அதனால்தான் இந்தக் கார்களுக்குச் சாம்பல் குறைந்த இன்ஜின் ஆயில் கட்டாயமானது.

இப்போது கணக்கைப் போடுவோம். ஆண்டுக்கு 15,000 கிலோமீட்டர், லிட்டருக்கு 20 கிலோமீட்டர். டீசல் 750 லிட்டர், அதற்கு 2டி ஆயில் 3.75 லிட்டர். ஜாசோ தரம் அனுமதிக்கும் உச்சச் சாம்பல் 0.25 சதவீதம். அந்த உச்சத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 8 கிராம் சாம்பல் வடிகட்டிக்குப் போகும். அதே காரின் இன்ஜின் 10,000 கிலோமீட்டருக்கு அரை லிட்டர் ஆயில் குடிக்கிறது என்று வைத்தால், 0.8 சதவீதச் சாம்பல் கொண்ட சி3 ரக ஆயிலில் இருந்து அதே காலத்தில் வருவது 5 கிராம். சாம்பல் குறைந்த ஆயிலுக்காகக் கூடுதல் காசு கொடுத்துவிட்டு, டீசல் மூடி வழியாகச் சாம்பல் வரத்தை இரண்டரை மடங்காக்குவது என்ன சிக்கனம்?

சாம்பல் எவ்வளவு விலை பிடிக்கும் என்பதற்குப் பூஷோவே சாட்சி. 2000இல் வந்த பூஷோ 607இல், டிபிஎஃப் எளிதாக எரிய வேண்டும் என்று நிறுவனமே சீரியம் கலந்த அடிட்டிவைத் தனி டேங்கில் வைத்து, கணினி அளந்து டீசலில் சேர்த்தது. கார் கம்பெனியே டீசலில் அடிட்டிவ் ஊற்றிய அரிய உதாரணம் இது. வேலை நன்றாக நடந்தது. ஆனால் அந்தச் சீரியம் சாம்பலாகத் தேங்கியதால் தொடக்க காலக் கார்களுக்கு 80,000 கிலோமீட்டரில் வடிகட்டியைக் கழற்றிப் பார்க்க வேண்டி வந்தது. அளந்து சேர்த்தவர்களுக்கே அந்தக் கதி.

2டி கட்சியில் விவரம் தெரிந்தவர்கள் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறார்கள்: அவுட்போர்டு மோட்டாருக்கான டிசி-டபிள்யூ3 ஆயிலில் உலோகச் சாம்பல் இல்லை, அதை ஊற்றலாமே? சாம்பல் வாதத்துக்கு அது நியாயமான பதில். ஆனால் பங்க்கில் தொங்கும் பாக்கெட் அந்த ரகம் கிடையாது. அப்படியே தேடி வாங்கினாலும், ஏற்கெனவே 460க்குள் இருக்கும் டீசலில் அது என்ன சாதிக்கப் போகிறது என்ற முதல் கேள்வி அப்படியே நிற்கிறது. புட்டியில் நல்ல தயாரிப்புகள் உலோகம் இல்லாதவை. அங்கே டிபிஎஃப் காருக்கு ஏற்றது என்ற ஒரு வரி லேபிளில் இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

காசைப் பார்த்தால் சுவாரஸ்யமான சமநிலை கிடைக்கிறது. 2டி ஆயில் லிட்டர் 350 ரூபாய் என்று வைத்தால், மேலே சொன்ன 3.75 லிட்டருக்கு ஆண்டுக்கு 1,300 ரூபாய். புட்டி ஒன்று 400 ரூபாய் என்றும், 5,000 கிலோமீட்டருக்கு ஒன்று என்றும் வைத்தால் 1,200. மலிவு வைத்தியம் என்ற பெயர் 2டி ஆயிலுக்கு ஒரு டேங்க்கில்தான் பொருந்துகிறது; ஆண்டுக் கணக்கில் இல்லை. இதில் இன்னொன்றும் உண்டு: பெரும்பாலான கார்க் கையேடுகள் பரிந்துரைக்காத எதையும் டீசலில் சேர்க்க வேண்டாம் என்கின்றன. உயர் அழுத்த பம்ப்போ இன்ஜெக்டரோ வாரண்டிக்குப் போகும்போது டேங்கில் நீலமாகவோ பச்சையாகவோ சாயம் ஏறிய டீசல் இருந்தால் பேச்சு நம் பக்கம் நிற்காது.

இரு கட்சிகளும் பேச மறக்கும் எதிரி தண்ணீர். டீசலில் கிலோவுக்கு 200 மில்லிகிராம் வரைதான் தண்ணீர் இருக்கலாம் என்கிறது தரம். மழைக்காலத்தில் பங்க்கின் நிலத்தடித் தொட்டியிலும், பாதி காலியாக நிற்கும் நம் டேங்கிலும் அது கூடிவிடுகிறது. காமன் ரெயில் இன்ஜெக்டரைத் தின்பதில் மசகுக் குறைவைவிடத் தண்ணீரும் துருவும் கைகாரர்கள். டீசல் ஃபில்டரின் அடியில் தண்ணீர் பிரிந்து தங்க ஓர் இடம் வைத்திருப்பது இதற்காகத்தான். எண்ணெயில் இருக்கும் சிதறலூக்கிகள் தண்ணீரைப் பொடித்துளிகளாக டீசலோடு கலந்துவிட்டால், ஃபில்டரால் பிரிக்க முடியாமல் அது நேராக இன்ஜெக்டருக்குப் போகும். 2டி ஆயில் இந்தப் பிரிப்பைக் கொஞ்சம் கெடுக்கலாம். புட்டிகளிலும் இரண்டு ரகம் உண்டு: தண்ணீரைப் பிரித்து அடியில் இறக்குபவை, கலக்கி எரித்துவிடுபவை. இரண்டாம் ரகத்தைக் காமன் ரெயில் காரில் ஊற்றவே கூடாது.

என் தீர்ப்பு வண்டியைப் பொறுத்தது. ரோட்டரி பம்ப் ஓடும் பழைய இண்டிகா போன்ற கார், டிராக்டர், ஜெனரேட்டர் என்றால், சந்தேகமான டீசல் நிரப்ப நேர்ந்த நாளில் லிட்டருக்கு 5 மில்லி 2டி ஆயில் ஊற்றுவதில் தவறில்லை. அங்கே புட்டிக்குச் செலவழிக்க வேண்டிய தேவை குறைவு. பிஎஸ்-3, பிஎஸ்-4 காமன் ரெயில் கார்களில், குறிப்பாகப் பல கம்பெனிகளின் பானட்டுக்குள் உட்கார்ந்த ஃபியட்டின் அந்த 1,248 சிசி மல்டிஜெட் இன்ஜின் போன்றவற்றில், நல்ல சுத்திகரிப்பான் புட்டி ஒன்றை எப்போதாவது ஊற்றினால் பலன் உண்டு. 2டி ஆயிலால் பெரிய கேடும் இல்லை, பெரிய பலனும் இல்லை. பிஎஸ்-6 காரில் 2டி ஆயில் வேண்டவே வேண்டாம். புட்டியும் கார் கம்பெனி பெயர் சொல்லிப் பரிந்துரைத்தால் மட்டும். இன்ஜின் ஆயில், புதியதோ பழையதோ, எந்த வண்டிக்கும் கூடாது.

ஐப்பசி மழை பிடிப்பதற்கு முன் அந்த ஆயிரத்துச் சொச்சம் ரூபாயில் ஒரு டீசல் ஃபில்டரை மாற்றி, அடியில் தேங்கிய தண்ணீரை வடித்துவிடச் சொல்லுங்கள். பிறகும் ஏதாவது ஊற்றியே ஆக வேண்டும் என்று தோன்றினால், பின்பக்க லேபிளை முழுதாகப் படித்துவிட்டு ஊற்றுங்கள்.